மறைப்பும் அறிவிப்பும்: தன்பாலீர்ப்பு, இஸ்லாமிய நம்பிக்கை, புதுச்சேரியின் இரு சட்டங்கள்

கேள்வியை எங்கே வைப்பது

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலை ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அரியாங்குப்பத்துக்குள் நுழைகிறது. பிறகு தவளக்குப்பம், கிருமாம்பாக்கம். முள்ளோடையில் யூனியன் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. வரலாற்று மாணவர்களுக்கு அரியாங்குப்பம் என்றால் அரிக்கமேடும் 1745க்குப் பிந்தைய ஆங்கிலேய – பிரெஞ்சுச் சண்டைகளும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரைக்கு அந்தச் சாலையின் வேறொரு தன்மை முக்கியம். 1862 முதல் 1963 வரை அதில் தெற்கு நோக்கிப் போன எவரும் ஒரு குற்றவியல் சட்டத்தை விட்டு இன்னொன்றுக்குள் நுழைந்தார். கடலூர்ப் பக்கத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு இருந்தது. அரியாங்குப்பம் பக்கத்தில் இருந்தது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். வயதுவந்த இரண்டு ஆண்கள் மனமொப்பித் தனிமையில் உறவுகொள்வது அதில் குற்றமாகவே எழுதப்படவில்லை.

பள்ளிவாசல்கள் இருபுறமும் இருந்தன. ஒரே குர்ஆன், ஒரே ஃபிக்ஹ் (மதச்சட்ட) நூல்கள், சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம்பந்தம் செய்துகொள்ளும் குடும்பங்கள். மாறியது அரசின் சட்டம் மட்டுமே.

“இஸ்லாம் தன்பாலீர்ப்பை ஏற்கிறதா?” என்று கேட்டால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். நான்கு மத்ஹபுகளின் (சுன்னி சட்ட மரபுகளின்) ஆலிம்களும் ஆணோடு ஆண் கொள்ளும் உடலுறவை ஹராம் (விலக்கப்பட்டது) என்றே சொல்லியிருக்கிறார்கள். இன்றும் பெரும்பான்மையோரின் நிலைப்பாடு அதுதான். அதை மழுப்பிச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. விசாரிக்கத் தகுந்த கேள்வி வேறு. பாவம் என்று நம்பப்படும் ஒரு செயலை அந்த நம்பிக்கை எப்படிக் கையாண்டது? எதைத் தண்டித்தது, எதைக் காணாததுபோல விட்டது, யாரை உம்மத்துக்குள் (முஸ்லிம் சமூகத்துக்குள்) வைத்துக்கொண்டது, யாரை வெளியே நிறுத்தியது? செயலுக்கும் செய்யாமைக்கும் நடுவே போட்ட கோட்டைவிட, மறைப்பதற்கும் அறிவிப்பதற்கும் நடுவே போட்ட கோடே அங்கு அழுத்தமானது என்பது என் வாதம். புதுச்சேரியின் சட்ட வரலாறு அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல களம்.

1819, 1862, 1963

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1791இல் இயற்றிய தண்டனைச் சட்டம், தெய்வ நிந்தை, சூனியம் போன்றவற்றோடு ஆண்–ஆண் உறவையும் குற்றப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது. நெப்போலியனின் 1810ஆம் ஆண்டுத் தொகுப்பும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. அந்தத் தொகுப்பின் 330ஆவது பிரிவு பொது இடத்தில் நாணக்கேடாக நடப்பதை மட்டும் தண்டித்தது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கையில் திரும்பவும் வந்த புதுச்சேரியில், 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை பிரான்சின் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் அவரவர் வழக்கப்படியே தீர்ப்புப் பெறலாம் என்றும் அதே ஆணை சொன்னது. ஆக, புதுச்சேரி முஸ்லிமின் நிக்காஹ் ஷரீஅத்தின் பொறுப்பில் இருந்தது. குற்றம் பிரெஞ்சு நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் மெக்காலேயின் வரைவிலிருந்து பிறந்த தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலானது. 377ஆவது பிரிவு “இயற்கைக்கு மாறான” உடலுறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க இடம் தந்தது. ஒப்புதல் இருந்ததா இல்லையா, தனிமையிலா தெருவிலா என்ற வேறுபாடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதன்பிறகு 1963ஆம் ஆண்டின் 7ஆம் எண் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தை 1963 அக்டோபர் 1 முதல் அங்கு நீட்டித்தது. அதாவது, காலனி ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற பிறகுதான் அரியாங்குப்பத்துக்கு விக்டோரியா காலத்து 377 வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். புதுச்சேரியில், 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மனமொப்பிய உறவை அதன் பிடியிலிருந்து விடுவிக்கும்வரை, அது உயிரோடிருந்தது ஏறக்குறைய 55 ஆண்டுகள்தான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு நிகரான பிரிவே இல்லை.

இதை வைத்துப் பிரெஞ்சு ஆட்சியைத் தாராள மனம் படைத்ததென்று கொண்டாடக் கிளம்புவது தவறு. பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்த துனிசியாவில் 1913இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 230ஆவது பிரிவு இந்த உறவைச் சிறைக்குரிய குற்றமாக்கியது; லெபனானின் 534ஆவது பிரிவும் பிரெஞ்சு ஆளுகைக் காலத்தின் எச்சம்தான். பிரான்சிலேயே 1942இல் விஷி அரசு 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் விஷயத்தில் தன்பால் உறவுக்கு மட்டும் தனி விதி புகுத்தியது. அது 1982வரை நீடித்தது. புதுச்சேரியில் குற்றம் எழுதப்படாமல் இருந்தது கருணையால் அல்ல. பாரிசில் எழுதப்பட்ட ஒரு புத்தகம் கப்பலேறி வந்ததால்.

ஆனால் இந்தத் தற்செயல் ஒன்றைக் காட்டுகிறது. 1858இல் உஸ்மானிய சுல்தான் இயற்றிய தண்டனைச் சட்டமும் அதே 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தொகுப்பைப் பின்பற்றியதுதான். அதிலும் மனமொப்பிய தன்பால் உறவு குற்றமில்லை. சுன்னி உலகின் கலீஃபா என்று தன்னைச் சொல்லிக்கொண்டவரின் அரசு அது. மறுபக்கம் பாகிஸ்தான், வங்கதேசம், மலேசியா ஆகிய நாடுகள் 377ஐ அதே எண்ணோடு வைத்திருக்கின்றன. இலங்கையில் அது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365ஆவது பிரிவாக இருக்கிறது. இலங்கைக்குச் சட்டம் தந்ததும் பிரிட்டன்தான், மக்களில் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். மலேசியாவில் அரசியல் தலைவர் அன்வர் இப்ராகிமைச் சிறைக்கு அனுப்பியது ஃபிக்ஹ் நூல் அல்ல, ஆங்கிலேயர் விட்டுப்போன பிரிவு. சவூதி, ஈரான் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அங்கெல்லாம் தண்டனை நேரடியாக ஃபிக்ஹின் பெயரிலேயே வருகிறது. ஆனாலும் எந்த நாட்டில் இது குற்றம் என்பதைக் கணிக்க, அந்நாட்டில் எத்தனை முஸ்லிம்கள் என்று பார்ப்பதைவிட, அந்நாட்டுக்கு யார் சட்டம் எழுதினார்கள் என்று பார்ப்பது பல இடங்களில் உதவும்.

நூல்கள் சொல்வது

குர்ஆனில் நபி லூத் (அலை) அவர்களின் சமூகத்தின் கதை பல அத்தியாயங்களில் வருகிறது: 7, 11, 15, 26, 27, 29, 54. பெண்களை விட்டுவிட்டு ஆண்களிடம் இச்சையோடு செல்வதை அந்த வசனங்கள் கண்டிக்கின்றன. அழிவு இறைவனிடமிருந்து வருகிறது. மனிதர்கள் என்ன தண்டனை தரவேண்டும் என்பது அங்கே சொல்லப்படவில்லை. 4ஆம் அத்தியாயத்தின் 16ஆவது வசனம் இருவரைத் துன்புறுத்தி, அவர்கள் தவ்பா செய்தால் (மனம் திருந்தினால்) விட்டுவிடச் சொல்கிறது. அது இரண்டு ஆண்களைக் குறிக்கிறதா, ஆண் – பெண்ணைக் குறிக்கிறதா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

செய்தவர், செய்விக்கப்பட்டவர் இருவரையும் கொல்லச் சொல்லும் ஹதீஸ், இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா நூல்களில் இடம்பெறுகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் அது இல்லை. அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்களே விவாதித்திருக்கிறார்கள். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) அதை ஏற்கவில்லை. சில கசையடிகளுக்கு மேல் போகக்கூடாது என்றார்.

மத்ஹபுகள் பிரிவதும் இங்கேதான். இமாம் மாலிக் மரண தண்டனை என்றார். ஷாஃபி மத்ஹபின் முதன்மைக் கருத்து இதை விபசாரத்துக்கு நிகராக வைத்தது. அப்படி வைத்தால் நான்கு பேர் கண்ணால் கண்ட சாட்சி தேவை. இமாம் அபூஹனீஃபா இது விபசாரம் அல்ல, எனவே வரையறுக்கப்பட்ட ‘ஹத்’ தண்டனைக்குள் வராது, நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்படும் ‘தஃஸீர்’ மட்டுமே என்றார். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மது இப்னு ஹஸனும் இதில் ஆசிரியரோடு உடன்படவில்லை. இமாமின் தரப்புக்கு மர்கீனானியின் ஹனஃபி சட்டநூல் ‘ஹிதாயா’ தரும் காரணம் சுவையானது. எப்படித் தண்டிப்பது என்பதில் நபித்தோழர்களே ஒருவர் எரிக்கச் சொன்னார், ஒருவர் உயரத்திலிருந்து தள்ளச் சொன்னார், ஒருவர் சுவரை மேலே சாய்க்கச் சொன்னார். இது விபசாரமாக இருந்திருந்தால் தண்டனை தெளிவாகத் தெரிந்திருக்குமே, இத்தனை கருத்து வேறுபாடு ஏன் வந்தது? வாரிசுக் குழப்பம் நேராது என்பது இன்னொரு காரணம். பெண்ணுக்குப் பெண் உறவு ‘ஹத்’துக்குள் வராது என்பதில் மத்ஹபுகளுக்குள் பெரிய தகராறு இல்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கு இது ஏட்டோடு நிற்கும் சர்ச்சை அல்ல. காரைக்கால், நாகூர், காயல்பட்டினம் என்று கடலோரம் வாழும் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி. ராவுத்தர்களும் உருது பேசுவோரும் ஹனஃபி. ஒரே ஊரில் இரண்டு மத்ஹபும் தொழும் பள்ளிகள் புதுச்சேரிப் பகுதியில் அபூர்வமல்ல. வெள்ளிக்கிழமை பயானில் (சொற்பொழிவில்) “இஸ்லாத்தில் இதற்கு மரண தண்டனை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஹனஃபிகளின் இமாமுடைய கருத்து காணாமல் போகிறது. இதைக் கவனித்த ஆலிம்கள் இருக்கிறார்கள். மிம்பரில் நின்று சொல்பவர்கள் குறைவு.

சுவரேறிக் குதித்த கலீஃபா

ஃபிக்ஹின் தண்டனைப் பட்டியலை மட்டும் வாசிப்பவர்கள் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. அது பாவத்தை மறைப்பதற்கு இஸ்லாமிய மரபு தரும் இடம். இன்னொரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. தம் பாவத்தைத் தாமே பகிரங்கமாக்குபவர்கள் மன்னிப்பின் வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே இரு நூல்களில் வரும் செய்தி. துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் 49:12 நேரடியாகத் தடுக்கிறது.

கலீஃபா உமர் (ரலி) பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்வை இமாம் கஸ்ஸாலியும் எடுத்துக்காட்டுகிறார். இரவில் மதீனாவில் சுற்றிவரும்போது ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்கிறது. உமர் சுவரேறிக் குதிக்கிறார். உள்ளே ஒருவர் மதுவோடு இருக்கிறார். கலீஃபா அதட்ட, அந்த மனிதர் பதறாமல் சொல்கிறார்: நான் ஒரு பாவம் செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். துருவி ஆராயாதே என்றான் இறைவன், ஆராய்ந்தீர்கள். வாசல் வழியாக வரச் சொன்னான், சுவரேறி வந்தீர்கள். ஸலாம் சொல்லி அனுமதி பெற்று நுழையச் சொன்னான், அதையும் செய்யவில்லை. உமர் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்.

அபூதாவூத் தொகுப்பில் இன்னொரு செய்தி. கையிலும் காலிலும் மருதாணி இட்டிருந்த, பெண் சாயல் கொண்ட ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவருகிறார்கள். மதீனாவை விட்டு நகீஃ என்ற இடத்துக்கு அனுப்பும்படி நபியவர்கள் ஆணையிடுகிறார்கள். “கொன்றுவிடலாமா?” என்று தோழர்கள் கேட்டபோது, தொழுகையாளிகளைக் கொல்வதற்குத் தமக்குத் தடை உள்ளதென்று மறுக்கிறார்கள். இதை வைத்து நபியவர்கள் தன்பாலீர்ப்பை ஏற்றார்கள் என்று வாதிடுவது தர்க்கத்துக்கு ஒத்துவராது. அனுப்பியது ஊர்விலக்கம்தான்; தவிர, அங்கே பேச்சு சாயலைப் பற்றியதே ஒழிய உறவைப் பற்றியதல்ல. ஆனால் தொழுகை ஒருவரின் உயிருக்குக் காப்பாக நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு அடியில் இருப்பது அகீதா (நம்பிக்கைக் கொள்கை). மத்ரஸாக்களில் ஓதித்தரும் நஸஃபியின் கொள்கை நூல் உட்பட சுன்னி மரபு முழுவதும் சொல்வது: பெரும்பாவம் ஒரு முஃமினை ஈமானிலிருந்து வெளியேற்றாது. பாவி என்றாலும் அவர் முஸ்லிம். அவருடைய உடலைக் குளிப்பாட்டி, ஜனாஸா தொழுது, மையவாடியில் அடக்கம் செய்வது மற்றவர்கள் மீது கடமை. வெளியேற்றுவது வேறொன்று: ஹராம் என்று ஒருமித்த முடிவு உள்ளதை ஹலால் என்று சொல்வது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சமூகத்தின் போக்கு விளங்கிவிடும். நாற்பது வருடம் மறைவாக வாழ்ந்து ஜும்ஆ தவறாத ஒருவரை ஊர் முணுமுணுத்தபடியே ஏற்கிறது. எவரையும் தொடாத, ஆனால் “நான் இப்படித்தான், இது பாவம் என்று நான் நினைக்கவில்லை” என்று வாய்விட்டுச் சொல்லும் இருபது வயதுப் பையன்மேல் ஊரின் முழுக் கோபமும் இறங்குகிறது. போலித்தனம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. உள்ளிருந்து பார்த்தால் அதற்கென்று ஒரு தர்க்கம் இருக்கிறது.

பிரெஞ்சுச் சட்டத்தின் 330ஆவது பிரிவையும் இந்த மரபையும் சேர்த்து வாசித்தால் ஒரு வினோதம் தெரியும். மதத்தைச் சட்டத்திலிருந்து வெளியேற்ற விரும்பிய புரட்சியாளர்களும், மதச்சட்டத்தையே வாழ்வாகக் கொண்ட ஃபுகஹாக்களும், நேர் எதிரான காரணங்களுக்காக ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: கதவுக்கு வெளியே நடப்பதைக் கேள், உள்ளே நடப்பதைத் தோண்டாதே. 377 இந்த இரண்டுக்கும் அந்நியமானது. அது கதவைத் தட்டும் சட்டம். காவலர் கையில் மிரட்டிப் பணம் பறிக்க வாகான சட்டம்.

மூன்று வாசிப்புகள்

கடந்த கால் நூற்றாண்டில் இதைப் பற்றி எழுதியவர்களில் மூவரை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட் சிராஜுல் ஹக் கூகல் 2010இல் எழுதிய நூலில் லூத் நபியின் கதையை மறுபடி வாசிக்கிறார். விருந்தாளிகள்மீது வன்முறை, வழிப்பறி, நபியைப் பொய்ப்பித்தல் ஆகியவையே அந்தச் சமூகத்தின் குற்றம், அன்பால் இணைந்தவர்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை என்பது அவர் வாதம். 29:29இல் வழிமறித்தல் வெளிப்படையாகவே வருவதால் இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. எனினும் “பெண்களை விட்டு” என்ற பொருள்பட வரும் 7:81ஐ அவர் வாசிப்பு எளிதாகக் கடக்கவில்லை. ஆலிம்களை விடுங்கள், நடுநிலையான வாசகரையே அது முழுதாக வசப்படுத்தாது.

காலித் எல்-ருவைஹப் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போகிறது. எனக்கு அது வலுவாகப் படுகிறது. 1500 முதல் 1800 வரையிலான அரபு உலகில் ‘தன்பாலீர்ப்பு’ என்று ஒரே கருத்தாக்கம் இருக்கவில்லை என்கிறார் அவர். ஃபிக்ஹ் தண்டித்தது ஒரு குறிப்பிட்ட உடற்செயலை. அழகிய இளைஞர்மேல் காதல் கொண்டு கவிதை பாடுவது வேறு கணக்கில் வந்தது; அப்படிப் பாடியவர்களில் காஜிகளும் ஆலிம்களும் இருந்தார்கள். ஒரு மனிதரின் முழு அடையாளத்தையும் இந்த விருப்பத்தை வைத்து வரையறுக்கும் பழக்கம் பிற்காலத்தது. இது சரியென்றால், “நான் இப்படிப்பட்டவன்” என்ற அறிவிப்பைப் பழைய நூல்கள் அங்கீகரிக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. அந்தக் கேள்வியே அவற்றின் முன் வரவில்லை.

மூன்றாமவர் கேசியா அலி. 2006இல் அவர் எழுப்பிய கேள்வி மற்ற இருவர் கவனத்திலும் இந்த அளவு இல்லாதது. சிக்கல் லூத் கதையில் மட்டும் இல்லை, நிக்காஹ் ஒப்பந்தத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்கிறார். மஹர் தருபவர் ஆண், பெறுபவர் பெண். தலாக் உரிமை ஆணுக்கு. இரு தரப்புக்கும் வேறுவேறு பங்கு எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தில் இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ பொருத்த முடியாது. பொருத்த வேண்டுமானால் பத்திரத்தையே மாற்றி எழுத வேண்டும். அப்படி எழுத முனைபவர்கள் இருக்கிறார்கள். பாரிசில் லுதோவிக் முஹம்மது ஸாஹித் 2012இல் அனைவருக்குமான ஒரு தொழுகை இடத்தைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்துக்கொண்ட இமாம் முஹ்ஸின் ஹென்ட்ரிக்ஸ் 2025 பிப்ரவரி 15ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

சென்னையிலிருந்து தில்லிக்கு

2009 ஜூலை 2ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தின் நாஸ் அறக்கட்டளை தீர்ப்பு 377ஐச் சுருக்கியது. தீர்ப்பெழுதிய இருவரில் ஏ.பி. ஷா அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களின் பட்டியலில் சோதிடர் ஒருவர், கிறித்தவச் சபைகளின் கூட்டமைப்புகள், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் ஆகியோரோடு, 1995இல் தொடங்கிய தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும் இருந்தது. மற்ற விஷயங்களில் ஒரே மேடையில் ஏறாதவர்கள், மெக்காலேயின் ஒரு பிரிவைக் காப்பாற்ற ஒரே வழக்குக் கட்டில் சேர்ந்தார்கள். 2013 டிசம்பர் 11ஆம் தேதி வெற்றியும் பெற்றார்கள். 2018இல் அது கவிழ்ந்தது.

இங்கே ஒரு முஸ்லிம் அமைப்பு எதைக் காத்தது? ஷரீஅத்தை அல்ல. 377இல் நான்கு சாட்சி இல்லை, தவ்பாவுக்கு இடமில்லை, துருவி ஆராய்வதற்குத் தடையில்லை. அபூஹனீஃபாவின் கருத்தோடும் ஷாஃபியின் கருத்தோடும் அது பொருந்தாது. அந்த அமைப்பு தன் தரப்பில் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: அரசு இதைக் குற்றமில்லை என்றால், நாளை சரி என்று ஆகும், பள்ளிப் பாடத்திலும் திருமணப் பதிவிலும் வந்து நிற்கும். இந்த அச்சத்தை அற்பமென்று ஒதுக்க மாட்டேன். 2023இல் தன்பால் திருமண வழக்கு வந்தபோது ஜமிய்யத் உலமாயே ஹிந்த் எதிர்வாதம் செய்தது. அக்டோபர் 17ஆம் தேதி அந்த உரிமையைத் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் முள்ளோடையில் வரிசையாக நிற்கும் மதுக்கடைகளைத் தினமும் கடந்து வேலைக்குப் போகும் முஸ்லிமுக்கு, ஹராம் வேறு, சட்டவிரோதம் வேறு என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கி வட்டியும் அப்படித்தான். பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் 144 ஆண்டுகள் 377 இல்லாமல் இருந்த புதுச்சேரியில் ஜும்ஆ நின்றதில்லை, நிக்காஹ் நின்றதில்லை, காரைக்கால் மஸ்தான் சாஹிபு தர்காவின் கந்தூரியும் நின்றதில்லை.

மறைப்பின் செலவு

இதுவரை சொன்னதை வைத்து, மறைத்து வாழும் பழைய ஏற்பாடே போதும் என்று யாரேனும் முடிவுக்கு வந்தால் அதை மறுக்க வேண்டியிருக்கும். மறைப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும் வசதி அல்ல. வெளியூர் வேலை, தனி அறை, இரவில் வீடு திரும்பாவிட்டால் கேள்வி கேட்காத குடும்பம் ஆகியவை ஆணுக்கு வாய்ப்பவை. பெண்ணுக்கு மறைவிடம் என்று ஒன்று வீட்டிலும் இல்லை. ஆலுவாவையும் கோழிக்கோட்டையும் சேர்ந்த இரண்டு முஸ்லிம் இளம்பெண்கள் சேர்ந்து வாழ முயன்று, ஒருவரைக் குடும்பத்தார் கொண்டுபோய்விட, மற்றவர் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டிவந்தது. 2022 மே 31ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் விருப்பப்படி வாழலாம் என்றது. அறிவிப்பு அவர்கள் தேர்ந்தெடுத்த வழி அல்ல. மறைவாக இருக்க விடாததால் நீதிமன்றத்தில் வந்து நின்ற வழி.

சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் உண்டு. அங்கே நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி, மதுரையிலிருந்து வந்த இரு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை “மாற்றுவதாக”ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தனக்கே இதைப் பற்றிப் புரிதல் இருக்கவில்லை என்றும், உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதாகவும் தீர்ப்பிலேயே எழுதினார். ஆலிம்களிடம் இப்படியொரு அமர்வு நடந்தால் ஃபத்வா மாறிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாறக்கூடியது ஹஜ்ரத்திடம் இரகசியமாக வந்து பேசும் ஒருவருக்குக் கிடைக்கும் ஆலோசனை.

ஏனென்றால் இன்று கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றே: “நிக்காஹ் செய்து வை, சரியாகிவிடும்.” மஹல்லா ஜமாஅத்தின் தப்தரில் இரு குடும்பமும் கையெழுத்திட, மஹர் பேசி, ஒரு பெண் அந்த இரகசியத்துக்குள் கொண்டுவரப்படுகிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் ஒப்புதல் எதைப் பற்றியது என்று நிக்காஹில் பெண் தரப்புக்கு நிற்கும் எந்த வக்கீலும் வலியும் (காப்பாளரும்) கேட்பதில்லை. பிறர் குறையை மறைப்பது புண்ணியம் என்ற மரபு, ஒப்பந்தத்தின் இன்னொரு தரப்பிடம் உள்ள குறையை மறைப்பதையும் புண்ணியமாக்குகிறதா என்பது ஃபிக்ஹின் கேள்விதான். வியாபாரத்தில் பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பதை அதே நூல்கள் கண்டிப்பதை எல்லா ஆலிம்களும் அறிவார்கள். பயான்களில் லூத் நபியின் சமூகத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு பங்கு இந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து அவர் விலக விரும்பினால் என்ன நடக்கும்? கணவன் தலாக் சொல்லாவிட்டால், அவருக்குள்ள வழிகளில் ஒன்று குலா (மனைவி கோரும் மணவிலக்கு). 2023இன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தவ்ஹீத் ஜமாஅத்தின் ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டது. இன்னொரு வழி 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். அதன் 2ஆவது பிரிவு காரணங்களை வரிசைப்படுத்துகிறது: கணவன் காணாமற்போதல், பராமரிப்புத் தராமை, சிறைத்தண்டனை, ஆண்மையின்மை, கொடுமை. கொடுமை என்ற தலைப்பின் கீழ் தீய நடத்தையுள்ள பெண்களோடு பழகுவதும் இழிவான வாழ்க்கை நடத்துவதும் வருகின்றன. கணவன் ஆண்களை விரும்புபவன் என்பதற்கென்று அங்கே தனி வரி இல்லை. ஆண்மையின்மையை நிரூபிக்க வேண்டும், அல்லது அவன் இழிந்தவன் என்று நீதிமன்றத்தில் எழுதித்தர வேண்டும். ஜமாஅத்தும் இரு குடும்பங்களும் சேர்ந்து மூடிவைத்ததைத் திறக்கும் வேலை, அதை மூடுவதில் பங்கில்லாத அந்த ஒருவர் தலையில் விழுகிறது. திறந்தால், குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்தவள் என்ற பேரும் அவருக்குத்தான்.